பிக்கப் பின்பக்கம் 3 இஞ்ச் இறக்கணும், ஆனா லோடு குறையக்கூடாது, வழி இருக்குதுங்களா?

பாத்திரக்கடை_மணி (கோபி)

வணக்கமுங்க. நமக்கு கோபில பாத்திர வாடகை, சேர் டேபிள், சமையல் செட்டு கடைங்க. 2014 மாடல் பொலேரோ பிக்கப் ஒண்ணு ரெண்டாவது கையா வாங்கி ஓட்டிட்டு இருக்கறேன். வண்டி நல்ல வண்டி, குறை சொல்லக்கூடாது, ஆனா பின்னாடி ரொம்ப உசரம். தரைல இருந்து பாடி பிளாட்ஃபார்ம் வரைக்கும் காலி வண்டில 34 இஞ்ச் வருதுங்க, நானே டேப் வச்சு பாத்தேன். 40 லிட்டர் கிரைண்டர், பெரிய அண்டா, இட்லி கொப்பரை எல்லாம் ரெண்டு பேர் புடிச்சு ஏத்தறப்ப தொடைல முட்டு குடுத்து தான் தள்ள வேண்டியிருக்கு. போன மாசம் ஒரு பையன் இடுப்பு புடிச்சு ஒரு வாரம் வரல.

பின்னாடி ஒரு 3 இஞ்ச் இறக்கிட்டா வேலை சுலபமாயிரும்னு தோணுது. ஆனா முகூர்த்த சீசன்ல 1 டன்னுக்கு குறையாம லோடு போகுதுங்க, எடை மேடைல போட்டு பாத்ததுல ஒரு தடவை 1,080 கிலோ. இறக்கினா லோடு தாங்காதுன்னு பயமா இருக்கு. பண்ணுனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

கட்டவண்டி_77

பின் ஸ்பிரிங் கட்டுல ரெண்டு பட்டைய உருவிடுங்க ப்ரோ, வேலை முடிஞ்சுது. இல்லனா கேஸ் வச்சு பட்டைய காய்ச்சி ரெண்டு தட்டு தட்டினா தானா இறங்கிடும். எங்க ஊர்ல 500 ரூபாக்கு பண்றாங்க. நான் என் பழைய வண்டில பண்ணேன், சூப்பரா உக்காந்துச்சு.

சும்மா_பாக்குறேன்

உக்காந்துச்சு சரி, அப்புறம் எந்திரிச்சுதா? 😄

நாமக்கல்_பட்டறை

77 தம்பி சொன்னத தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க. 22 வருசமா பட்டை வேலை பாக்கறேன். பட்டை வெறும் இரும்பு இல்ல. சிலிக்கான், குரோமியம் கலந்த ஸ்பிரிங் ஸ்டீல காய்ச்சி, எண்ணைல குளிர வச்சு, மறுபடி அளவா சூடு குடுத்து பதம் போட்டு அனுப்பறாங்க. அந்த பதம் தான் வளைஞ்சா திரும்பி வர வைக்குது. கேஸ் விளக்க சிவக்க சிவக்க புடிச்சீங்கன்னா அந்த இடத்துல மட்டும் பதம் போயிரும். அப்புறம் அது பட்டை இல்ல, வெறும் தகடு. மொத லோடுல உக்காரும், மூணாவது லோடுல இன்னும் உக்காரும், அப்புறம் சூடு வச்ச இடத்துக்கு ஓரமா முறியும்.

பட்டைய உருவறதும் அப்படித்தான். உசரம் குறையும், கூடவே தாங்கற சக்தியும் போயிரும். மணி தம்பி கேக்கறது உசரம் மட்டும் குறையணும்னு. அது வேற வேலை.

தம்பி, மூணு விசயம் பாத்து சொல்லுங்க. ஒண்ணு, பட்டை கட்டு ஹவுசிங்குக்கு (பின் ஆக்ஸில் கூடு) மேல உக்காந்திருக்கா, கீழ தொங்குதா. ரெண்டு, மொத்தம் எத்தனை பட்டை, ஒவ்வொண்ணும் எத்தனை எம்.எம். கனம். மூணு, காலி வண்டில பம்ப் ரப்பருக்கும் (சேஸிஸ்ல அடி வாங்கறதுக்கு இருக்க ரப்பர்) அது போய் இடிக்கற இடத்துக்கும் நடுவுல எத்தனை இஞ்ச் இருக்கு, அது இடிக்கறது ஹவுசிங்லயா, பட்டை மேல இருக்க, கட்ட இறுக்கி புடிக்கற யூ போல்ட் பிளேட்லயா. சமதரைல நிறுத்தி அளக்கணும், டயர்ல காத்து ரெண்டு பக்கமும் சரியா இருக்கட்டும்.

ஹூஸ்டன்_குமரன்

இங்க டெக்சாஸ்ல இது பெரிய கலாச்சாரம் மணி. நான் வச்சிருக்கது 2003 சில்வராடோ பிக்கப், டூ வீல் டிரைவ். இங்க "ஃப்ளிப் கிட்"னு ஒண்ணு விப்பாங்க. கம்பெனி வண்டில பட்டை ஆக்ஸிலுக்கு மேல இருக்கும், அத அவுத்துட்டு ஆக்ஸில பட்டைக்கு மேல மாத்தி உக்கார வச்சிடுவாங்க. ஒரே அடியா 5, 6 இஞ்ச் இறங்கிடும். பட்டை அதே பட்டை தான், அதனால ஸ்பிரிங்கோட தாங்கற சக்தி அப்படியே இருக்கும்.

ஆனா இதுல ஒரு பெரிய ஆனா இருக்கு. ஆக்ஸில் மேல ஏறினதால சேஸிஸுக்கும் அதுக்கும் நடுவுல இடம் இல்லாம போயிடும், சின்ன பள்ளத்துலயே டம்முனு இடிக்கும். அதுக்கு சேஸிஸ்ல சி எழுத்து மாதிரி வெட்டி எடுத்துட்டு, சுத்தி கனமான தகடு வச்சு போல்ட் போட்டு பலப்படுத்துவாங்க, அத "சி நாட்ச்"ம்பாங்க. ஷாக் அப்சார்பரும் குட்டையா மாத்தணும், இல்லனா பழைய ஷாக் அடில முட்டி உடைஞ்சிடும். டிஃபரன்ஷியல் மூக்கோட கோணம் மாறினா ஓடும்போது அதிரும், அதுக்கு ஆப்பு மாதிரி ஒரு தகடு சொருகணும்.

சிலர் இதோட உதவிக்கு ஏர் பேக்கும் போடுவாங்க, காலியா போகும்போது 5 பி.எஸ்.ஐ. விட்டு வச்சுட்டு லோடு ஏத்துனதும் காத்து அடிச்சு தூக்கிக்குவாங்க. ஆனா எது போட்டாலும் கதவு ஓரத்துல ஒட்டிருக்க ஸ்டிக்கர்ல இருக்க மொத்த எடை மாறாது. ஏர் பேக் வண்டிய நேரா நிறுத்தும், அவ்ளோதான். ஆக்ஸில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழசு தானே.

நாமக்கல்_பட்டறை

குமரன் தம்பி சொன்னது அந்த ஊருக்கு சரி. நம்மூர்ல சேஸிஸ்ல கத்தி வைக்காதீங்க. லோடு வண்டி சேஸிஸ்ல வெல்டிங் வச்ச இடத்துல விரிசல் விட்டு என்கிட்ட வந்த வண்டி எத்தனையோ.

சும்மா_பாக்குறேன்

சட்டத்தையும் பாத்துக்கங்க. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிருச்சு, ஆர்.சி.ல இருக்க கம்பெனி அளவுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு. மோட்டார் வாகன சட்டம் 52ஆவது பிரிவு. சேஸிஸ வெட்டிட்டு எஃப்.சி.க்கு போனா அவ்ளோதான், மணி அண்ணனோட வண்டி எட்டு வருசம் தாண்டினதால வருசா வருசம் எஃப்.சி. வேற. ஓவர்லோடு கேஸ்னா 20,000 ரூபா, அதுக்கு மேல கூடுதலா இருக்க ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

பாத்திரக்கடை_மணி (கோபி)

நாமக்கல் அண்ணா, நேத்து ராத்திரி லைட் புடிச்சு பாத்துட்டேனுங்க. பட்டை ஹவுசிங்குக்கு மேல தான் இருக்கு. ஒரு பக்கம் மொத்தம் 9. மேல இருந்து 7 பட்டை வளைஞ்சது, எல்லாம் 7 எம்.எம்., அடில ரெண்டு நேரா தடியா 11 எம்.எம். பம்ப் ரப்பர் இடிக்கறது யூ போல்ட் பிளேட்ல. காலி வண்டில கேப் 5½ இஞ்ச். 1 டன் ஏத்தினா 3½ ஆகுது, அதாவது 2 இஞ்ச் உக்காருது.

இன்னொண்ணு. பக்கத்து தெருல தண்ணி கேன் போடற தம்பி இதே மாடல், இதே வருசம் வச்சிருக்காரு. சும்மா அதையும் அளந்து பாத்தேன். அவரோடது பின்னாடி 31½ இஞ்ச் தானுங்க! அதுல வளைஞ்ச பட்டை 5 தான்.

நாமக்கல்_பட்டறை

அதான் பாத்தேன். தம்பி, உங்க வண்டி உசரமான வண்டி இல்ல. உசரம் ஆக்கப்பட்ட வண்டி. பழைய ஓனர் ஓவர்லோடு அடிக்க ரெண்டு பட்டை சேத்து, கூடவே கமானையும் (பட்டையோட வளைவு) ஏத்தி வச்சிருக்காரு. செங்கல் ஓட்டுனாரா, ஜல்லி ஓட்டுனாரா யாருக்கு தெரியும். நம்மூர்ல நூத்துக்கு தொண்ணூறு பேர் ஏத்தறதுக்கு தான் வருவாங்க, இறக்கறதுக்கு நீங்க தான் வந்திருக்கீங்க.

இப்ப கேளுங்க. உசரத்துக்கு காரணம் வளைவும் கட்டோட கனமும். லோடு தாங்கறதுக்கு காரணம் பட்டையோட தடிமனும் எண்ணிக்கையும். வளைவ குறைச்சா தாங்கற சக்தி குறையாது, ஆனா கேப் குறையும். அந்த கேப்ப வச்சு தான் நீங்க எத்தனை இஞ்ச் இறக்கலாம்னு முடிவு பண்ணணும், ஆசைய வச்சு இல்ல.

அதோட உங்களுக்கு ஒரு நல்ல நேரம் இருக்கு. பட்டை கட்டு ஹவுசிங்குக்கு மேல இருக்கு, பம்ப் ரப்பர் இடிக்கறதும் பட்டை மேல இருக்க பிளேட்ல. அதனால கட்டுல இருந்து ரெண்டு பட்டை போனா வண்டி 14 எம்.எம். இறங்கும், ஆனா பிளேட்டும் கூடவே இறங்கறதால கேப் அதே அளவு தான். ஓசில கிடைச்ச இறக்கம்னு வச்சுக்கங்க.

ஹூஸ்டன்_குமரன்

இத நான் இத்தனை வருசத்துல யோசிச்சதே இல்ல அண்ணா, சரியா இருக்கு. நான் கணக்கு போட்டு பாக்கறேன்.

ஒரு பட்டையோட விறைப்பு அதோட தடிமனோட மும்மடிக்கு ஏத்த மாதிரி போகும். 7 எம்.எம்.னா 7×7×7 = 343. 8 எம்.எம்.னா 512. ஒரே ஒரு எம்.எம். தான் கூட, ஆனா கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விறைப்பு! இப்ப இருக்க ஏழு பட்டைக்கு 343×7 = 2,401. வெறும் அஞ்சா குறைச்சா 1,715. அதாவது 77 சொன்ன மாதிரி ரெண்ட உருவினா கால்வாசிக்கும் மேல விறைப்பு போச்சு. ஆனா அஞ்சு பட்டைல மேல இருக்க ரெண்டும் 7ஆவே விட்டுட்டு கீழ மூணையும் 8 எம்.எம். போட்டா 686 + 1,536 = 2,222. ஏழு பட்டைல இருந்த விறைப்புல நூத்துக்கு 93 நிக்குது, கட்டோட கனம் மட்டும் 11 எம்.எம். குறையுது. நீளமெல்லாம் ஒண்ணுனு வச்சு போட்ட தோராய கணக்கு தான், ஆனா ஒப்பிட்டு பாக்க போதும்.

நாமக்கல்_பட்டறை

கணக்கு எனக்கு தெரியாது, ஆனா கை அத தான் சொல்லுது. மூணு 8 எம்.எம். சரியா வரும். உடனே அப்ப பத்து எம்.எம். போடுங்கன்னு யாராச்சும் வருவாங்க, அதுக்கும் சேத்து சொல்லிடறேன். தடி பட்டை விறைப்பா இருக்கும், ஆனா அதே அளவு வளைஞ்சா மெல்லிசு பட்டைய விட சீக்கிரம் முறியும். மேல இருக்க மெயின் பட்டையோட தடிமன்ல கை வைக்கவே கூடாது, ரெண்டு ஓரத்துலயும் சுருட்டி கண்ணு போட்ட பட்டை அது, முறிஞ்சா ஹவுசிங்கே நகந்துரும்.

3 இஞ்ச் வேண்டாம் தம்பி. 2 இஞ்ச் இறக்கலாம். 11 எம்.எம். கட்டுல வந்துரும், மீதி 40 எம்.எம். வளைவுல. கேப் 5½ இருந்தது 4 ஆகும். லோடுல ரெண்டே கால் உக்காந்தா ஒண்ணே முக்கால் மிச்சம். ஸ்பீடு பிரேக்கர்ல குதிச்சு விழறதுக்கு குறைஞ்சது ஒன்றரையாவது வேணும்.

கட்டவண்டி_77

2 இஞ்சுக்காக இவ்ளோ அலப்பறையா? ஒரு பலகை சாச்சு வச்சு ஏத்திட்டு போங்க ப்ரோ.

பாத்திரக்கடை_மணி (கோபி)

தம்பி, பலகைல கிரைண்டர் ஏத்தி பாருங்க, அப்புறம் பேசுவோம். மண்டபத்து பின்வாசல்ல ராத்திரி 2 மணிக்கு, தரை பூரா சாம்பார் சிந்தி கெடக்கும். 34ல இருந்து 32னா அண்டாவோட அடி தொடைக்கு மேல போகாது. ஒரு கல்யாணத்துக்கு ஏத்தி இறக்க முந்நூறு தடவை குனியறவனுக்கு அந்த ரெண்டு இஞ்ச் என்னன்னு தெரியும்.

நாமக்கல் அண்ணா, அடுத்த வாரம் முகூர்த்தம் இல்ல. பண்ணிடலாம்னு இருக்கேன்.

யாழ்_சில்லு

வணக்கம் அண்ணை, நான் யாழ்ப்பாணம். என்ர ஹைலக்ஸ்ல இதே வேலை செய்து பட்டனான், அதால சொல்லுறன். பின் ஹவுசிங்கில இருந்து ஒரு கம்பி மேல போய் சேஸிஸில இருக்கிற ஒரு வால்வில பொருந்துதோ எண்டு குனிஞ்சு பாருங்கோ. எல்லா வாகனத்திலயும் இராது. இருந்தா அதுதான் பாரத்துக்கு ஏத்த மாதிரி பின் பிறேக்குக்கு அழுத்தம் விடுற வால்வு. பின்பக்கம் தாழ்ந்தா பாரம் ஏறியிருக்கு எண்டு அது நினைச்சுக்கொள்ளும், வெறும் வாகனத்துக்கும் பின் சில்லுக்கு முழு பிறேக் குடுத்துவிடும். மழைக்க பின் சில்லு ரெண்டும் இறுகி சறுக்கும். எனக்கு கொடிகாமத்துக்குக் கிட்ட பின்பக்கம் அப்பிடியே சுத்தி வந்தது, நல்ல காலம் எதிர்ல ஒருத்தரும் வரேல்ல. வேலை முடிய அந்தக் கம்பியைச் சரி பண்ண மறக்காதேங்கோ.

பாத்திரக்கடை_மணி (கோபி)

நன்றிங்க. பாத்தேன், கம்பி இருக்குது. ஆனா நம்ம வண்டிய கம்பெனி உசரத்துக்கு பக்கமா தானே கொண்டு போறோம், அதனால கம்பி தானா சரியான இடத்துக்கு வந்துரும்னு நினைக்கறேன்.

(பத்து நாள் கழிச்சு)

சாமி, வேலை முடிஞ்சுதுங்க. இங்க பக்கத்துலயே ஒரு பட்டறைல பண்ணேன், நாமக்கல் அண்ணன்கிட்ட போன்ல கேட்டு கேட்டு தான். நாள் பூரா அங்கயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன்.

கட்ட பிரிச்சு போட்டப்ப ஒரு விசயம் பாத்தேன். பழைய ஓனர் சேத்த ரெண்டு பட்டையும் வேற ஏதோ வண்டியோடது, அகலமே ஒரு நூல் கம்மி. நடுவுல தேஞ்சு பளபளன்னு இருக்கு, ஓரம் பூரா துரு. பட்டறைக்காரர் அத கைல எடுத்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம மூலைல தூக்கி போட்டாரு.

வளைவ குறைக்கறத முத தடவை பாக்கறேன். சூடே வைக்கல. பட்டறைக்கல்லு மேல பட்டைய குப்புற வச்சு, சம்மட்டியால ஓரத்துல இருந்து நடுவுக்கு, நடுவுல இருந்து அந்த ஓரத்துக்கு, ஒரே அளவா இடம் விட்டு விட்டு அடிக்கறாரு. பத்து அடிக்கு ஒருக்கா தூக்கி சுவத்துல சாக்பீஸ்ல வரைஞ்சு வச்ச வளைவோட வச்சு பாக்கறாரு. நான் எல்லா பட்டையும் ஒரே வளைவா இருக்கும்னு நினைச்சேன், இல்லையாம். கீழ போக போக பட்டைக்கு வளைவு ஒரு பொடி கூட இருக்கணுமாம். சும்மா அடுக்கி வச்சப்ப நடுவுல சந்து தெரிஞ்சுது. சென்டர் போல்ட்ட இறுக்க இறுக்க சந்து மூடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டுச்சு. அந்த இறுக்கம் இல்லனா மேல் பட்டை தனியா எல்லாத்தையும் தாங்கி முறிஞ்சிரும்னாரு.

யூ போல்ட் நாலும் புதுசு. பழசயே போட்டுக்கலாமான்னு கேட்டேன், முறைச்சாரு. புது 8 எம்.எம். பட்டை ரெண்டு பக்கத்துக்கும் ஆறு, யூ போல்ட், சாக்கிள் புஷ், கூலி எல்லாம் சேத்து 11,400 ஆச்சுங்க.

அளவு: காலி வண்டில 32¼, ஒரு வாரம் ஓடி செட்டாகி இப்ப 32. கேப் 4க்கு ஒரு நூல் கம்மி. 1,000 கிலோ ஏத்தி பாத்தேன், 2¼ தான் உக்காருது. குமரன் அண்ணன் கணக்கு அப்படியே வந்துருக்குது! பிராப்பல்லர் ஷாஃப்ட்ல அதிர்வு எதுவும் இல்ல, ஆப்பு தேவைப்படல.

ஹூஸ்டன்_குமரன்

அருமை மணி. ஹெட்லைட் பீம் செக் பண்ணீங்களா? பின்னாடி இறங்கினா முன்னாடி வெளிச்சம் மேல போகும், எதிர்ல வர்றவன் திட்டுவான்.

பாத்திரக்கடை_மணி (கோபி)

இல்லீங்க, இனிமே தான். ஆனா வேற ஒண்ணு ஆயிருச்சு, சொல்ல வெக்கமா இருக்கு.

முந்தாநாள் சத்தியமங்கலத்துல ஒரு வளைகாப்புக்கு இறக்கிட்டு காலி வண்டில திரும்பி வர்றேன். லேசா தூறல், ரோடு அப்ப தான் நனையுது. ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க வந்துச்சு, பிரேக்க அமுக்குனேன், பெருசா கூட அமுக்கல. பின் வீல் ரெண்டும் கப்புனு நின்னு பாடி வலது பக்கமா ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, ரோட்ட விட்டு மண்ணுல இறங்கி தான் நின்னேன். ஆட்டுக்குட்டி தப்பிச்சுது, நானும் தப்பிச்சேன். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னது அப்படியே காதுல கேட்டுச்சுங்க.

அடுத்த நாள் அந்த கம்பிய பாத்தா, தண்ணி கேன் தம்பி வண்டில கம்பி ஒரு சாய்வுல இருக்கு, என்னோடதுல வேற சாய்வு. கிளாம்புல போல்ட் பழைய தடத்த விட்டு ஒரு இஞ்ச் தள்ளி இறுக்கியிருக்கு. பழைய ஓனர் உசரம் ஏத்துனப்ப லோடு பிரேக் பத்தலன்னு இதையும் தள்ளி வச்சிருக்காரு. நான் வண்டிய இறக்கிட்டேன், கம்பி மட்டும் பழைய உசரத்துக்கே நின்னுருக்கு.

யாழ்_சில்லு

நல்ல காலம் அண்ணை. கண்ணால பாத்து மட்டும் இறுக்காதேங்கோ, கம்பெனி புத்தகத்தில அளவு இருக்கும், தெரிஞ்ச பிறேக் வேலைக்காரர் ஒருத்தரிட்ட விட்டு அழுத்தம் பாத்து வையுங்கோ.

பாத்திரக்கடை_மணி (கோபி)

அப்படியே பண்ணிட்டேனுங்க. இப்ப காலி வண்டில நனைஞ்ச மண்டப வாசல்ல மெதுவா ஓட்டி அமுக்கி பாத்தேன், முன்னாடி தான் முதல்ல புடிக்குது. ஹெட்லைட்டும் இறக்கியாச்சு.

500 கிலோமீட்டர் ஓடுனதும் யூ போல்ட்ட மறுபடி இறுக்க சொல்லியிருந்தாரு நாமக்கல் அண்ணா, போனேன். மூணுல கால் சுத்து, ஒண்ணுல மட்டும் அரை சுத்து போச்சு. போகாம விட்டிருந்தா என்ன ஆயிருக்குமோ.

லோடுமேன் பசங்ககிட்ட நான் எதுவும் சொல்லல. பெரியவர் ஒருத்தர் இருக்காரு, அவரு அண்டாவ தூக்கி வச்சுட்டு வண்டிய சுத்தி வந்து பின் டயர ரெண்டு உதை உதைச்சு பாக்கறாரு, "ஏனுங்க, காத்து கம்மியா இருக்கா?"ன்னு.

நாமக்கல்_பட்டறை

😄 அந்த பெரியவர பட்டறைக்கு அனுப்பி வைங்க, வேலை குடுக்கறேன்.

தோஸ்த்து_சேலம்

அண்ணா முழு இழையும் படிச்சேன். என்கிட்ட அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டி இருக்கு, பால் கேன் ஓட்டறேன். எனக்கும் ஒரு ரெண்டு இஞ்ச் இறக்கணும். இதே மாதிரி மூணு 8 எம்.எம். போட்டுடலாமா?

நாமக்கல்_பட்டறை

அது வேற வண்டி தம்பி, வேற பட்டை. டேப்ப எடுத்துட்டு வண்டிக்கு அடில போங்க. பட்டை ஹவுசிங்குக்கு மேலயா, கீழயா?